கீழே, மேலே இல்லாத இடத்தில் எரிபொருள் நிரப்புவது

தரையிலிருந்து தாழ் புவி சுற்றுப்பாதைக்கு ஏற, காற்றுத்தடை, ஈர்ப்பு இழப்புகளையும் சேர்த்து, ராக்கெட் நொடிக்கு ஏறக்குறைய 9.4 கி.மீ. வேகத்தைச் செலவிட வேண்டும். அங்கிருந்து செவ்வாய்க்குக் கிளம்ப இன்னும் 3.6 கி.மீ. போதும். கடினமான பகுதி முடிந்துவிட்டது. ஆனால் அதற்குள் தொட்டி காலி.

மேலேயே நிரப்பிக்கொள்ள முடிந்தால் கணக்கு மாறிவிடும். மீத்தேன், திரவ ஆக்சிஜனில் ஓடும் எஞ்சினின் வாயு வெற்றிடத்தில் நொடிக்குச் சுமார் 3.7 கி.மீ. வேகத்தில் வெளியேறுகிறது. எரிபொருளின் அளவையும் ராக்கெட் பெறும் வேகத்தையும் இணைக்கும் சியால்கோவ்ஸ்கி சமன்பாட்டின்படி, 100 டன் கலத்தை செவ்வாய்ப் பாதையில் தள்ள மீத்தேனும் ஆக்சிஜனுமாக 165 டன் போதும். அதைப் பல டேங்கர் பயணங்களாகப் பிரித்து ஏற்றலாம்.

விண்வெளியில் எரிபொருள் மாற்றுவது புதிதல்ல. 1978இல் சோவியத் யூனியனின் புரோகிரஸ் 1 சரக்குக்கலம் சல்யூட் 6 நிலையத்துக்கு அதைச் செய்து காட்டியது. ஆனால் அவை சாதாரண வெப்பநிலையிலேயே திரவமாக இருக்கும் எரிபொருள்கள். தொட்டிக்குள் நெளிந்து கொடுக்கும் ஒரு தடுப்பு; அதன் ஒருபுறம் நைட்ரஜன் அழுத்த, மறுபுறம் திரவம் குழாய்க்குள் போகும். ஆக்சிஜன் மைனஸ் 183 டிகிரி செல்சியஸில் கொதிப்பது. அந்தக் குளிரில் ரப்பர் போன்ற நெளியும் தடுப்பு விறைத்து உடைந்துவிடும். தடுப்பு இல்லாமல்தான் சமாளிக்க வேண்டும்.

அங்கேதான் முதல் சிக்கல். எடையற்ற நிலையில் திரவம் தொட்டிச் சுவரில் படரும். வாயுக் குமிழி எங்கே வேண்டுமானாலும் நிற்கும். வால்வைத் திறந்தால் வருவது திரவமா வாயுவா என்று சொல்ல முடியாது. எளிய தீர்வு, இணைந்த இரு கலங்களையும் மெல்லத் தள்ளிக்கொண்டே இருப்பது. புவியீர்ப்பில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு முடுக்கம் இருந்தாலே திரவம் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். மொத்த எடை 300 டன் என்றால் இதற்குச் சுமார் 300 நியூட்டன் விசை போதும். எப்படியும் ஆவியாகி வெளியேற்ற வேண்டிய வாயுவையே இதற்குப் பயன்படுத்துவதுதான் எனக்குச் சிக்கனமான வழியாகத் தெரிகிறது. சிறிய தொட்டிகளில் மெல்லிய உலோக வலை பொருத்தி, பரப்பு இழுவிசையால் திரவத்தை மட்டும் உறிஞ்சலாம். ஓட்டம் கூடினால் வலையைத் துளைத்துக்கொண்டு குமிழி நுழைந்துவிடும்.

திரவத்தை நகர்த்துவது டேங்கருக்கும் பெறும் தொட்டிக்கும் இடையிலான அழுத்த வேறுபாடு. இதைக் கெடுப்பது வெப்பம். வெதுவெதுப்பான சுவரில் பட்ட ஆக்சிஜன் சீறிக்கொண்டு ஆவியாகும், பெறும் தொட்டியின் அழுத்தம் டேங்கரின் அழுத்தத்தை எட்டும், ஓட்டம் நின்றுவிடும். அதனால் முதலில் கொஞ்சம் மட்டும் தெளிப்பார்கள். வால்வை மூடி, அது சுவரின் வெப்பத்தை உறிஞ்சி ஆவியாகும்வரை காத்திருந்து, ஆவியை வெளியேற்றி, மறுபடி தெளிப்பார்கள். சுவர் தேவையான அளவு குளிரும்வரை இந்தச் சுற்று தொடரும். அதன்பின் வெளியேற்றும் வால்வை மூடிவிட்டு நிரப்பலாம். அப்போதும் திரவத்தைத் தூவலாகச் செலுத்த வேண்டும். குளிர்ந்த துளிகள் மிச்ச ஆவியைத் திரவமாக்கி அழுத்தத்தை அடக்கிவைக்கும். இதில் அவசரப்பட்டால் பாதித் தொட்டியில் நிரப்புதல் நின்றுபோகும். தவறான நேரத்தில் வெளியேற்றும் வால்வைத் திறந்தால் வாயுவுக்குப் பதில் திரவமே வெளியே கொட்டும்.

காத்திருக்கும் நாட்களிலும் இழப்பு உண்டு. ஆக்சிஜன் தொட்டிக்குள் 1 கிலோவாட் வெப்பம் கசிந்தால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 400 கிலோ ஆவியாகும். டேங்கர்கள் வாரக்கணக்கில் இடைவெளி விட்டு வந்தால், கடைசி டேங்கர் கொண்டுவருவதில் ஒரு பகுதி முந்தையவற்றின் இழப்பை ஈடுகட்டவே போய்விடும். பல அடுக்கு பளபளப்புப் படலமும் குளிர்விப்பானும் இதைத் தடுக்கும். 2018இல் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குச் சென்ற நாசாவின் ஆர்ஆர்எம்3 கருவி, 42 லிட்டர் திரவ மீத்தேனை நான்கு மாதம் ஆவி இழப்பின்றிக் காத்தது. பிறகு குளிர்விப்பான்களுக்கு மின்சாரம் போய்விட, மீத்தேனை வெளியேற்ற வேண்டியதாயிற்று. செயலில் இருக்கும் குளிர்விப்பானை நம்பினால் அதன் மின்சாரத்தையும் நம்பியாக வேண்டும். 2024 மார்ச்சில் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஸ்டார்ஷிப் ராக்கெட் தன் மூன்றாம் சோதனைப் பயணத்தில் ஆக்சிஜனை ஒரே கலத்தின் ஒரு தொட்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிப் பார்த்தது.

எவ்வளவு நிரம்பியது என்று அறிவதும் லேசல்ல. திரவமட்டம் என்ற ஒன்றே இல்லாதபோது மிதவையால் பயனில்லை. தொட்டிக்குள் ரேடியோ அலைகளைச் செலுத்தி, அவை ஒத்ததிரும் அதிர்வெண்கள் எப்படி மாறுகின்றன என்று பார்த்து நிறையை மதிப்பிடுகிறார்கள்.

பிரியும் நேரம் இன்னொரு ஆபத்தான கட்டம். இரு வால்வுகளுக்கு நடுவே குழாயில் சிக்கிய திரவ ஆக்சிஜன், அறை வெப்பநிலை வாயுவாக மாறினால் ஏறக்குறைய 860 மடங்கு இடம் கேட்கும். எனவே அந்தத் துண்டுக் குழாய்க்குத் தனி நிவாரண வால்வு வேண்டும். அதன் வெளியேற்றம் எதிரெதிர்த் திசைகளில் சமமாகப் பிரிய வேண்டும். ஒரே பக்கம் பீய்ச்சினால் பிரிந்துகொண்டிருக்கும் கலங்களை அது சுழற்றிவிடும்.