மேலே போகப் போக உப்பு கூடும் ஆறு

செனகல் நாட்டில், காவ்லாக் நகரிலிருந்து காம்பியா எல்லைக்குப் போகும் நெடுஞ்சாலையில் டூபாகூட்டா என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. சாலையை விட்டு மேற்கே இறங்கி நடந்தால் கொஞ்ச தூரத்தில் நிலம் முடிந்து தண்ணீர் வந்துவிடும். எதிர்க்கரை முழுக்கக் கண்டல் காடு, அதாவது அலையாத்திக் காடு. ‘பிரோக்’ எனப்படும் நீளமான மரப்படகில் ஏறினால், காட்டுக்குள் கிளை கிளையாகப் பிரியும் கழிகளில் நாள் முழுக்கச் சுற்றலாம். அந்தக் கழிகளுக்கு அங்கே ‘போலோங்’ என்று பெயர். இதுதான் சாலூம் கழிமுகம்.

இந்த ஆற்றைப் பற்றி முதன்முதலில் படித்தபோது எங்கோ அச்சுப் பிழை இருக்கிறது என்றுதான் நினைத்தேன். எந்த ஆறாக இருந்தாலும் கடலை விட்டு உள்நாட்டுப் பக்கம் போகப் போக உப்பு குறையும், கடைசியில் குடிக்கிற தண்ணீர் வரும். சாலூமில் இது தலைகீழ். முகத்துவாரத்தில் இருப்பது சாதாரணக் கடல்நீர். சுமார் 100 கிலோமீட்டர் மேலே, காவ்லாக் பக்கம் போனால், மழை வருவதற்கு முந்தைய மாதங்களில் உப்பு கடலைப்போல் இரண்டு மடங்கு. கடும் வறட்சி ஆண்டுகளில் மூன்று மடங்கையும் தாண்டியிருக்கிறது. காவ்லாக்கில் ஆற்றங்கரையிலேயே உப்பளம் இருப்பதற்கு இதுதான் காரணம்.

இது எப்படி நடக்கிறது? முதலில், சாலூமுக்கு ஆறு என்று பெயர் இருந்தாலும் மேலிருந்து வரும் தண்ணீர் மிகக் குறைவு. மழை ஜூன் முதல் அக்டோபர் வரைதான். மீதி மாதங்களில் சஹாரா பக்கமிருந்து வறண்ட காற்று வீசும். நிலமோ சரிவே இல்லாத தட்டை. ஓதம், அதாவது கடல்மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கம், ஏறும்போது கடல்நீர் எந்தத் தடையும் இல்லாமல் உள்ளே போய்விடும்.

அப்புறம் வெயில் தன் வேலையைத் தொடங்குகிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு. அதில் பாதித் தண்ணீர் ஆவியாகிப் போனால், மீதி அரை லிட்டரில் அதே 35 கிராம் இருக்கும். அதாவது லிட்டருக்கு 70 கிராம். ஆவியான தண்ணீரின் இடத்தை நிரப்ப, கடலிலிருந்து புதுத் தண்ணீர் உள்ளே வருகிறது. அது தன்னோடு 35 கிராம் கணக்கில் உப்பையும் கொண்டுவருகிறது. தண்ணீர் காற்றில் போய்விடும், உப்பு போகாது.

அப்படியானால் உப்பு சேர்ந்துகொண்டே போய் ஆறு முழுக்க இறுகிவிடாதா? அதைத் தடுப்பதும் ஓதம்தான். ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறி இறங்கும்போது மேல்பக்கத் தண்ணீரும் கீழ்ப்பக்கத் தண்ணீரும் கலக்கின்றன. கலக்கும்போது உப்பு எப்போதும் அதிகம் உள்ள இடத்திலிருந்து குறைவான இடத்துக்குத்தான் நகரும். உள்ளே வந்த உப்பு இந்த வழியில் கடலுக்குத் திரும்ப வேண்டுமென்றால், கீழே இருப்பதைவிட மேலே உப்பு கூடுதலாக இருந்தே ஆக வேண்டும். உப்பின் சரிவு தலைகீழாக இருப்பதால்தான் உப்பு வெளியேறவே முடிகிறது. இந்த இடம் புரிந்த அன்று எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. விசித்திரம் என்று நினைத்தது வெறும் வரவு செலவுக் கணக்கு.

கழிமுகத்துக்கு மூன்று பெரிய கிளைகள்: வடக்கே சாலூம், நடுவில் தியோம்பொஸ், தெற்கே பந்தியாலா. டூபாகூட்டா பந்தியாலா பக்கம் இருக்கிறது. தெற்கே மழை சற்றுக் கூடுதல், நெமா என்ற ஓடையும் கொஞ்சம் நன்னீர் கொண்டுவருகிறது. அதனால் அங்கே கண்டல் மரங்கள் ஓங்கி நிற்கின்றன. வடக்கே சாலூம் கிளையில் மேலே போனால் அதே காடு இடுப்பளவுப் புதராகச் சுருங்கி, பிறகு இல்லாமலே போய்விடும்.

படகை ஒரு மரத்தின் அருகில் நிறுத்திப் பார்க்கலாம். நீரோரமாக முன்வரிசையில் நிற்பது ரைசோஃபோரா. பிச்சாவரத்தில் நாம் சுரபுன்னை என்று சொல்கிற மரத்தின் பேரினம்தான் இது. வளைந்த முட்டுவேர்களை ஊன்றி, சேற்றுக்கு மேலே தூக்கிக் கட்டிய பந்தல் மாதிரி நிற்கும். சேற்றில் பிராணவாயு கிடையாது. கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வரும். அதனால் வேரின் மேல்பகுதியில் உள்ள சிறு துளைகள் வழியே மரம் மூச்சு விடுகிறது. பின்வரிசையில் நிற்கும் அவிசீனியா வேறு வழி கண்டிருக்கிறது. பென்சில் பென்சிலாக வேர் நுனிகளைச் சேற்றிலிருந்து மேலே நீட்டும். உப்பையும் உள்ளே விட்டு, இலையில் உள்ள சுரப்பிகள் வழியாக வெளியே தள்ளிவிடும். அதன் இலையை நக்கிப் பார்த்தால் உப்புக் கரிக்கும்.

ரைசோஃபோரா உப்பை வேரிலேயே வடிகட்டுகிறது. கேட்க எளிதாகத் தெரியலாம். ஆனால் கடல்நீரிலிருந்து நன்னீரைப் பிரிக்க ஏறக்குறைய 25 வளிமண்டல அழுத்தம் வேண்டும், அதாவது கார் டயரில் இருப்பதைப்போல் பத்து மடங்கு. கடல்நீர் சுத்திகரிப்பு ஆலையில் இதற்கு மின்மோட்டார் ஓடும். மரத்திடம் இருப்பது இலை மட்டும். இலையிலிருந்து நீர் ஆவியாகும்போது, தண்டுக்குள் இருக்கும் நீர்த்தம்பம் கயிறு இழுப்பதுபோல் மேலே இழுபடுகிறது. அந்த இழுவிசைதான் வேரில் வடிகட்டுகிறது.

இதை அளந்து காட்டியவர் பெர் ஸ்கோலாண்டர் என்ற ஆய்வாளர். ஒரு சிறு கிளையை வெட்டி, இலைப்பக்கத்தை எஃகுக் கலனுக்குள் வைத்து, வெட்டுமுனை மட்டும் வெளியே தெரிய மூடி, உள்ளே வாயு அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனார். வெட்டுமுனையில் சாறு துளிர்க்கும்போது இருக்கும் அழுத்தம்தான் மரத்துக்குள் இருந்த இழுவிசை. கண்டல் மரங்களில் அது 30 வளிமண்டலத்துக்கு மேல் வந்தது. துளிர்த்த சாற்றிலோ உப்பு இல்லை என்றே சொல்லலாம். அவரும் உடனிருந்தவர்களும் 1965இல் வெளியிட்ட அளவீடுகள் இவை.

சரி, சுற்றியுள்ள நீரின் உப்பு இரண்டு மடங்கானால்? இழுவிசையும் இரண்டு மடங்கு வேண்டும். அந்த நிலையில் மரம் உயிரோடு இருப்பதற்கே சக்தி முழுவதையும் செலவிடும், வளர மிச்சமிருக்காது. வடக்கே காடு குட்டையாகிப் போனதன் காரணம் ஸ்கோலாண்டர் வெட்டிய அந்த ஒரு சிறு கிளைக்குள்ளேயே இருக்கிறது.

வற்றம் வந்து தண்ணீர் இறங்கியதும் முட்டுவேர்களில் கொத்துக் கொத்தாகச் சிப்பிகள் தெரியும். பெண்கள் படகில் வந்து கத்தியால் அவற்றைப் பெயர்த்தெடுப்பார்கள். வேரோடு சேர்த்து வெட்டினால் மரமும் போகும், அடுத்த வருஷச் சிப்பியும் போகும். அதனால் சிப்பியை மட்டும் தனியாகப் பெயர்ப்பது முக்கியம். வேகவைத்து ஓடு நீக்கி, சதையை வெயிலில் உலர்த்துவார்கள். உலர்ந்த சிப்பி குழம்புக்கும் சோற்றுக்கும் ருசி ஏற்றும்.

ஓடுகள் என்ன ஆகும்? கரையில் குவியும். இங்கே மக்கள் இரண்டாயிரம் ஆண்டுகளாகச் சிப்பியும் மட்டியும் தின்று ஓட்டைக் குவித்திருக்கிறார்கள். குவியல்கள் தீவுகளாகவே ஆகிவிட்டன. சில நூற்றுக்கணக்கான மீட்டர் நீளம். யுனெஸ்கோ 2011இல் இந்தக் கழிமுகத்தை உலக மரபிடமாக அறிவித்தபோது 218 கிளிஞ்சல் மேடுகளைக் கணக்கில் எடுத்தது. அவற்றில் 28இல் புதைகுழி மேடுகளும் உண்டு. டூபாகூட்டாவிலிருந்து படகில் எட்டும் தூரத்தில் தியோரோன் பூமாக் என்ற மேடு இருக்கிறது. அதன் மேல் அடிமரம் பருத்த பாவோபாப் மரங்கள் நிற்கின்றன. சுற்றிலும் உப்புச் சேறு, நடுவே சுண்ணாம்பு நிறைந்த உயரமான தரை. பாவோபாப் வேரூன்ற வேறென்ன வேண்டும்?

சஹாராவுக்குத் தெற்கே உள்ள சஹேல் பகுதியில் 1960களின் இறுதியில் தொடங்கிய வறட்சி இந்தக் கணக்கைக் குலைத்தது. மழை குறைந்தது, உப்பு ஏறியது, கண்டல்கள் பட்டுப்போயின. உப்பு மட்டும் காரணமல்ல. பிராணவாயு இல்லாத கண்டல் சேற்றில் இரும்பும் கந்தகமும் சேர்ந்து பைரைட்டாகப் படிந்திருக்கும். ஈரம் இருக்கும்வரை அது சும்மா கிடக்கும். சேறு காய்ந்து வெடித்து உள்ளே காற்று புகுந்துவிட்டால் கந்தக அமிலமாக மாறும். அப்படி எரிந்துபோன தரையில் மரம் எளிதில் திரும்பாது. காட்டுக்குப் பின்னால் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும் வெற்றுத் தரைகளை அங்கே ‘டான்’ என்கிறார்கள். வறட்சியில் அவை அகன்றன.

1990களின் பிற்பாதியில் மழை ஓரளவு திரும்பியதும் காடும் பல இடங்களில் தானாகவே திரும்பத் தொடங்கியது. ஊர் மக்களும் நட்டார்கள், இன்னும் நடுகிறார்கள். ரைசோஃபோராவின் விதை மரத்தில் தொங்கும்போதே முளைத்து, முருங்கைக்காய் மாதிரி நீண்டிருக்கும். அதைப் பறித்துச் சேற்றில் குத்தி வைத்தால் போதும். ஆனால் எங்கே குத்துகிறோம் என்பதுதான் எல்லாம். ஓதம் தவறாமல் வந்து நனைக்கும் சேற்றில் வேர் பிடிக்கும். அமிலமேறிய டானில் எத்தனை ஆயிரம் நட்டாலும் குச்சியாகத்தான் நிற்கும். நட்ட எண்ணிக்கையைச் சொல்லிப் பெருமைப்படுவதைவிட, முதலில் தண்ணீர் எதுவரை ஏறுகிறது என்று பார்ப்பதே நல்லது என்பது என் எண்ணம்.

கடல் தன் பங்குக்கும் ஒன்று செய்தது. முகத்துவாரத்தை மறைத்து நீண்டிருந்த சங்கோமார் மணல்திட்டை 1987 பிப்ரவரியில் அலைகள் உடைத்துவிட்டன. சிறு பிளவாகத் தொடங்கிய அது சில ஆண்டுகளில் கிலோமீட்டர் கணக்கில் அகன்றுபோனது.

மேலே காவ்லாக் பக்கம், மூன்று மடங்கு உப்பிலும் ஒரு மீன் இருக்கிறது. நம் ஊர் ஜிலேபி மீனின் உறவுதான், கருந்தாடைத் திலேப்பியா. பிற மீன்களெல்லாம் கடல் பக்கம் விலகிப் போனபிறகும் அது அங்கேயே கிடக்கும். வளர்ச்சி குன்றி, கைக்கு அடக்கமாகத்தான் இருக்கும். முட்டைகளை அப்பன் மீன் வாயில் வைத்துக் காக்கும். குஞ்சு பொரிந்து நீந்தும்வரை வெளியே விடாது.