சுரீர் முன்னால், காந்தல் பின்னால்

நடுராத்திரி, இருட்டு. தண்ணீர் குடிக்க எழுந்து போகும்போது கட்டில் காலில் கட்டைவிரல் நச்சென்று மோதுகிறது. அடுத்த இரண்டு நொடிகளை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். முதலில் இடித்தது மட்டும் தெரியும். உடனே சுரீரென்று ஒரு குத்தல். அது அடங்குகிறதே என்று மூச்சு விடுவதற்குள் உள்ளுக்குள்ளிருந்து ஒரு காந்தல் கிளம்பி, விண்விண்ணென்று தெறிக்க ஆரம்பிக்கும். பிறகு வருவது லேசில் போகாது. இடித்தது ஒரு தடவைதான், சேதி மட்டும் மூன்று தவணையாக வருகிறது. தமிழில் சுரீருக்கும் காந்தலுக்கும் தனித்தனிச் சொல் இருப்பதைப் பார்த்தால், நரம்பைப் பிரித்துப் பார்ப்பதற்கு வெகுகாலம் முன்பே இந்த வித்தியாசம் நமக்குப் பழக்கம் என்று தோன்றுகிறது.

நரம்புச் சேதி நினைத்த மாத்திரத்தில் போய்ச் சேர்ந்துவிடும் என்றுதான் நெடுங்காலம் நம்பினார்கள். பெரிய உடலியல் அறிஞரான யோகான்னஸ் முல்லரே, அதன் வேகத்தை அளக்க ஒருபோதும் முடியாமல் போகலாம் என்று கருதியவர். அவருடைய மாணவர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850 வாக்கில் அதை அளந்து காட்டினார். தவளையின் கால் தசையை அதன் நரம்போடு சேர்த்து எடுத்து, தசைக்குப் பக்கத்தில் ஒரு தடவையும் சற்றுத் தள்ளி ஒரு தடவையும் நரம்பை மின்சாரத்தால் சீண்டினார். தள்ளிச் சீண்டியபோது தசை கொஞ்சம் தாமதமாகத் துடித்தது. அந்தத் தாமதத்தை வைத்துக் கணக்குப் போட்டால் நொடிக்குச் சுமார் 30 மீட்டர் வந்தது. காற்றில் ஒலி போகும் வேகத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை!

ஏன் இவ்வளவு மெதுவு? ஒயரில் மின்சாரம் ஓடுவது மாதிரி நரம்பில் ஓடுவதில்லை. நரம்பிழையின் உட்புறம், வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் குறைவான மின்னழுத்தத்தில் இருக்கிறது. சீண்டல் வந்ததும் சவ்விலுள்ள நுண்ணிய கதவுகள் திறந்து சோடியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன. அந்த இடத்தின் மின்னழுத்தம் தலைகீழாக மாற, அதனால் பக்கத்துக் கதவுகள் திறக்கின்றன. அப்புறம் அதற்கும் அடுத்தது. வரிசையாக நிறுத்திய அட்டைகள் ஒன்றையொன்று தள்ளி விழுவது போலத்தான். ஒரே வித்தியாசம், இங்கே விழுந்த அட்டை ஓரிரு மில்லிநொடியில் தானே எழுந்து நின்றுகொள்ளும்.

இப்படிக் கதவு கதவாகத் திறந்துகொண்டு போவதை வேகப்படுத்த இரண்டு வழி உண்டு. முதலாவது, இழையைத் தடிமனாக்குவது. கணவாய் மீனின் வழி அது. அதன் ராட்சத நரம்பிழை 1 மில்லிமீட்டர் வரை பருமன் கொண்டது. உடலியல் அறிஞர்கள் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் சோடியக் கதவுக் கணக்கை 1952-இல் எழுதி முடித்தது அந்த இழையை வைத்துத்தான். நமக்கு இந்த வழி கட்டுப்படியாகாது. கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் மட்டும் பத்து லட்சத்துக்கு மேல் இழைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 1 மில்லிமீட்டர் என்றால் அந்த நரம்பே ஒரு மீட்டருக்கு மேல் தடிமனாகிவிடும்.

இரண்டாவது வழி, கொழுப்பு நிறைந்த மயலின் உறையை இழைமேல் சுற்றி, சுமார் ஒரு மில்லிமீட்டருக்கு ஓர் இடத்தில் மட்டும் சின்ன இடைவெளி விடுவது. கதவுகள் அந்த இடைவெளிகளில்தான் கூட்டமாக இருக்கும். சேதி ஓர் இடைவெளியிலிருந்து அடுத்ததற்குத் தாவித் தாவிப் போகும்.

இனி கட்டைவிரலுக்கு வருவோம். அங்கிருந்து தண்டுவடம் வரை ஏறத்தாழ 1 மீட்டர் தூரம். தொடுதலைச் சொல்லும் ஏ-பீட்டா இழைகள் தடிமனானவை, உறையும் நன்றாக இருக்கும். நொடிக்கு 50 மீட்டர் என்று வைத்தால், அவற்றின் சேதி 20 மில்லிநொடியில் தண்டுவடத்தைத் தொட்டுவிடும். சுரீரைக் கொண்டுவரும் ஏ-டெல்டா இழைகளுக்கு மெல்லிய உறை. வேகம் 5 முதல் 30 மீட்டர். காந்தலைச் சுமக்கும் சி இழைகளுக்கோ உறையே கிடையாது. பருமனும் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். அவை நொடிக்கு 1 மீட்டர் போனால் பெரிது, அதாவது நாம் நடக்கும் வேகம். இரண்டாம் வலி ஒரு நொடி பிந்தி வருவது அதனால்தான்.

நல்லவேளையாக, காலை இழுத்துக்கொள்ள இந்த வலிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. சேதி தண்டுவடத்தை எட்டியதுமே அங்கேயே ஒரு கிளை பிரிந்து, காலை மடக்கும் தசைகளுக்கு உத்தரவு போய்விடுகிறது. அதே சமயம் மற்றக் கால் விறைத்து நின்று உடம்பைத் தாங்கிக்கொள்கிறது. இல்லாவிட்டால் ஒவ்வோர் இடிக்கும் ஒரு தடவை குப்புற விழுவோம். மூளைக்குத் தகவல் போய் நாம் "ஐயோ" என்பதெல்லாம் அப்புறம்.

பிறகு குனிந்து விரலைத் தேய்க்கிறோமே, அது வீண் வேலையில்லை. தேய்க்கும்போது வேகமான தொடுதல் இழைகள் தண்டுவடத்துக்கு விடாமல் சேதி அனுப்பும். அங்குள்ள சில நரம்பணுக்கள் அதனால் தூண்டப்பட்டு, மெதுவாக வந்துகொண்டிருக்கும் வலிச் சேதி மேலே ஏறாமல் ஓரளவு அடக்குகின்றன. மெல்சாக், வால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1965-இல் வெளியிட்ட 'வாயில்' கொள்கை இதைத்தான் சொன்னது. உள் விவரங்களில் பல பின்னால் மாறின, அடிப்படை நிலைத்தது.

மரத்துப்போவதிலும் இந்த இழைகள் ஒன்றுபோல் நடந்துகொள்வதில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் மருந்துக்கு முதலில் அடங்குவது மெல்லிய இழைகள். வலி போன பிறகும் டாக்டர் அழுத்துவதும் இழுப்பதும் தெரிவது அதனால்தான். கையில் பட்டையை இறுக்கிக் கட்டி ரத்த ஓட்டத்தை நிறுத்தினால் வரிசை தலைகீழ். உறையுள்ள இழைகள் முதலில் ஓய்ந்துபோகும், உறையில்லாதவை கடைசிவரை தாக்குப்பிடிக்கும். அந்த நிலையில் விரலில் ஊசியால் குத்தினால் குத்தியது தெரியாது, சுரீரும் வராது. ஒரு நொடி கழித்துக் காந்தல் மட்டும் வரும்.