சவன்: கோப்பை அல்ல, கிண்ணம்

"கைப்பிடியற்ற கறுப்புத் தேநீர்க் கோப்பை."

பழைய ஜப்பானியத் தேநீர்க் கலங்களைச் சேகரிப்பது பற்றித் தமிழில் வந்த ஒரு கட்டுரையில், கறுப்பு ராக்குச் சவன் (ராக்கு ஒரு மண்கல வகை, சவன் தேநீர் கடைந்து குடிக்கும் ஜப்பானியக் கலம்) ஒன்றின் படத்துக்குக் கீழே இப்படிப் போட்டிருந்தது. கோப்பை என்று எழுதிய உடனே படிக்கிறவர் மனதில் பக்கத்தில் ஒரு காது முளைத்துவிடும். அது எழுதியவருக்கே தெரிந்திருக்கிறது. அதனால்தான் 'கைப்பிடியற்ற' என்று முன்னால் ஒன்றைச் சேர்த்து, தானே வரவழைத்த காதைத் தானே ஒடிக்கிறார். பெயர் வைத்த கையோடு அந்தப் பெயருக்கு மறுப்பும் எழுதவேண்டி வந்தால், பெயர் சரியில்லை என்றுதானே பொருள்? இதே மொழிபெயர்ப்பைப் பல வருடங்களாகப் பார்த்துவருகிறேன். இந்த முறை எழுதிவிடுவது என்று உட்கார்ந்தேன்.

முதலில் சொல். 'ச' என்றால் தேநீர், 'வன்' என்றால் கிண்ணம். இரண்டும் சீனத்திலிருந்து போனவை. நம் 'சாயா'வும் 'தேயிலை'யில் உள்ள 'தே'யும் அதே சீனச் சொல்லின் இரண்டு வட்டார உச்சரிப்புகளிலிருந்து கிளைத்தவைதான். 'வன்' என்பதைச் சீன எழுத்தில் இரண்டு விதமாக எழுதுவார்கள்: மண்ணால் ஆனதென்றால் கல் என்னும் உறுப்பைச் சேர்த்து, மரத்தில் கடைந்து அரக்குப் பூசியதென்றால் மரம் என்னும் உறுப்பைச் சேர்த்து. ஒலி ஒன்று, பொருளும் ஒன்று, கிண்ணம். இன்றைக்கும் ஜப்பானிய வீடுகளில் சோறு சாப்பிடும் கிண்ணத்துக்குப் பெயர் 'கோஹன்-ஜவன்', அதாவது சோற்றுச் சவன். சொல்லின் முன்பாதி தேநீர் என்றாலும், பின்பாதி எவ்வளவு அழுத்தமாகக் கிண்ணத்தைக் குறிக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

இதை அப்படியே தமிழில் ஒலிபெயர்க்கலாமே என்று சிலர் கேட்பார்கள். 'சாவான்' என்று எழுதினால் தமிழில் அது வேறு ஒன்றைச் சொல்லிவிடும், அதுவும் கேட்கக் கூடாத ஒன்றை. ஜப்பானியத்தில் இரண்டு உயிரும் குறில்தான் என்பதால் நான் 'சவன்' என்று எழுதுகிறேன். அதுவும் காதுக்கு இதமாக இல்லை. அதனால் தமிழ்ப் பெயர் ஒன்று கட்டாயம் தேவைப்படுகிறது. எது என்பதுதான் கேள்வி.

கோப்பை ஏன் கூடாது? அது போர்ச்சுக்கீசியர் வழியாக வந்த சொல் என்பதற்காக நான் அதை ஒதுக்கவில்லை. சாவி, சன்னல், மேசை எல்லாமும் அப்படி வந்தவைதான். அவற்றை நான் தினமும் எழுதுகிறேன். பொருள் பொருந்தவில்லை, அதுதான் காரணம். தமிழ்நாட்டில் கோப்பை என்றால் காதும் கீழே சாசரும் உள்ள பீங்கான் கோப்பை, இல்லையென்றால் விளையாட்டில் ஜெயித்தவர் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்கும் வெற்றிக் கோப்பை. யாழ்ப்பாணத்தில் கோப்பை என்றால் சோறு சாப்பிடும் தட்டு. ஆக, 'தேநீர்க் கோப்பை' என்பது சென்னை வாசகருக்கு ஒரு தவறான படத்தைத் தருகிறது, யாழ்ப்பாண வாசகருக்கு அதைவிடத் தவறான படத்தைத் தருகிறது.

இன்னொன்று இருக்கிறது, இதை யாரும் கவனிப்பதாகத் தெரியவில்லை. நமக்குக் கோப்பை வந்த அதே கடல்வழி வணிகத்தில் ஜப்பானுக்கும் ஒரு சொல் போய் இறங்கியது: 'கொப்பு'. போர்ச்சுக்கீசியரோ டச்சுக்காரரோ கொண்டுபோனது. நம் கோப்பைக்கு உறவுமுறை. அதை ஜப்பானியர்கள் எதற்கு வைத்துக்கொண்டார்கள்? தண்ணீர் குடிக்கும் கண்ணாடித் தம்ளருக்கு. சவனை எந்த ஜப்பானியரும் கொப்பு என்று சொல்லமாட்டார். உறவுச் சொல் கையிலேயே இருந்தும் அந்த ஊர்க்காரர்கள் இந்தக் கலத்துக்கு அதைப் பயன்படுத்தவில்லை. நாம் மட்டும் ஏன் பிடிவாதமாக அதை இங்கே ஒட்டவேண்டும்?

அப்புறம், ஜப்பானியத்தில் நிஜமாகவே தேநீர் குடிக்கும் குவளை ஒன்று உண்டு. அதன் பெயர் 'யுனோமி'. ஒடுக்கமாக, உயரமாக இருக்கும். இலையை ஊறவைத்து வடித்த தேநீரை அதில் ஊற்றிக் குடிப்பார்கள். சவனும் யுனோமியும் ஒரே அலமாரியில் இருந்தாலும் சேகரிப்பவர் இரண்டையும் ஒன்றாகப் பார்க்கமாட்டார். தமிழில் இரண்டையும் 'தேநீர்க் கோப்பை' என்றே எழுதுகிறார்கள். விலை, பயன், மதிப்பு எல்லாமே வேறான இரண்டு பொருள்களுக்கு ஒரே பெயர்.

சவனின் வேலை என்ன என்று பார்த்தாலே விஷயம் தெளிந்துவிடும். அதில் தேநீரைக் குடிப்பது மட்டுமல்ல, தயாரிப்பதும் அதிலேயேதான். பச்சைத் தேயிலைப் பொடியை உள்ளே போட்டு, வெந்நீர் விட்டு, மூங்கில் மத்தால் கடைந்து நுரைக்கவைக்கிறார்கள். கெட்டியான தேநீர் என்றால் கடைவதில்லை, குழைப்பார்கள். அந்த ஒரே கிண்ணத்தை விருந்தினர்கள் ஒருவர்பின் ஒருவராக வாங்கிக் குடிப்பார்கள். (அந்த மத்தை 'தூரிகை' என்று மொழிபெயர்த்ததையும் பார்த்திருக்கிறேன். மோர் கடைந்த வீட்டில் பிறந்தவர்கள் எப்படித் தூரிகை என்று எழுதுகிறார்களோ தெரியவில்லை.) மத்து உள்ளே சுழல வாய் அகலமாக இருக்கவேண்டும், அடி வளைவாக இருக்கவேண்டும். கிண்ணத்தின் உட்சுவரில் மத்து உராயும் பகுதிக்குத் தனிப்பெயர், கடைசித் துளி தேங்கி நிற்கும் சிறு குழிக்குத் தனிப்பெயர் என்று அவர்கள் உட்புறத்தையே பகுதி பகுதியாகப் பிரித்துப் பேசுகிறார்கள். கோடையில் சூடு சீக்கிரம் ஆற விரிந்த தட்டைச் சவன், குளிர்காலத்தில் சூடு தங்க உருளையான உயரச் சவன். அந்த உயரச் சவனிலும் மத்து நுழைய இடம் விட்டிருப்பார்கள்.

என்னிடம் ஒரு சவன் இருக்கிறது. பெரிய பொருள் ஒன்றுமில்லை. கியோத்தோவில் தோஜி கோயில் வளாகத்தில் மாதாமாதம் 21ஆம் தேதி கூடும் சந்தையில் வாங்கிய, ஹாகி என்னும் ஊர் வகைக் கிண்ணம். பெட்டி உண்டு; மூடியின் உட்புறம் குயவரின் எழுத்து இல்லை, அதனால்தான் என் கைக்கு எட்டியது. எழுத்து உள்ள பெட்டியோடு வந்தால் விலையே வேறு. வாங்கியபோது வெளிறிய இளஞ்சிவப்பாக இருந்தது. ஹாகி மண் நீரை உறிஞ்சும். மெருகில் மயிரிழை போன்ற வெடிப்புகள் ஓடும். தேநீர் அந்த இழைகளுக்குள் இறங்கி இறங்கி, இப்போது உள்ளே பழுப்பு வலை படர்ந்திருக்கிறது. அடிவளையத்தில் ஒரு இடத்தை வேண்டுமென்றே வெட்டி விட்டிருக்கிறார்கள். ஹாகியில் இது வழக்கம். இடது உள்ளங்கையை அடியில் கொடுத்து, வலது கையால் பக்கத்தை அணைத்துத்தான் அதைத் தூக்கமுடியும். சூடு இரண்டு கைகளுக்கும் ஏறும். பாட்டி கையால் கஞ்சிக் கிண்ணம் வாங்கிக் குடித்தவர்களுக்கு இந்தப் பிடி தெரியும். கோப்பையை யாரும் இப்படிப் பிடிப்பதில்லை.

"கிண்ணத்தில் குழம்பு ஊற்றுவோம், பாயசம் குடிப்போம், அதில் யார் டீ குடிக்கிறார்கள்?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் ஜப்பானிய மரபே அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டது. கியோத்தோவில் தைத்தோகு-ஜி கோயிலைச் சேர்ந்த கோஹோ-அன் துறவிமடத்தில் 'கிசாயெமோன்' என்ற பெயருள்ள, ஈதோ என்னும் வகைக் கிண்ணம் இருக்கிறது. வாய் அகலம் 15 செ.மீ.யைச் சற்றுத் தாண்டும். கொரியாவில் வனைந்தது, அங்கே சாதாரண மக்கள் அன்றாடம் புழங்கிய கிண்ணம் என்பதே பரவலான கருத்து. 16ஆம் நூற்றாண்டில் ஜப்பானியத் தேநீர் ஆசான்கள் அந்த வகைக் கிண்ணங்களில் அழகைக் கண்டு எடுத்து வைத்துக்கொண்டார்கள். அடிப்பக்கம் மெருகு சுருண்டு திரண்டு, திருக்கை மீனின் தோல் போல நிற்கிறது; அந்தப் பிழையைத்தான் அவர்கள் கொண்டாடினார்கள். இன்று அது தேசியப் புதையல். தேசியப் புதையலாக அறிவிக்கப்பட்ட தேநீர்க் கிண்ணங்கள் மொத்தம் 8. அவற்றில் 5 தெம்மொக்கு என்னும் சீன வகைக் கிண்ணங்கள், 1 இந்தக் கொரியக் கிண்ணம், 2 மட்டுமே ஜப்பானில் செய்தவை. சாப்பாட்டுப் புழக்கத்திலிருந்து வந்த கலம் என்ற நினைவு கிண்ணம் என்ற சொல்லில் ஒட்டியிருக்கிறது. அது குறை இல்லை. இந்தக் கலத்தின் வரலாறே அதுதான்.

சரி, கோப்பை வேண்டாம் என்பவர்கள் சொல்லும் வேறு சொற்கள்? 'தேக்கலம்' என்று ஒருவர் ஆக்கியிருந்தார். தூய தமிழ் என்ற பெருமை அதற்கு உண்டு. ஆனால் கலம் என்றால் பானையும் கலம், கப்பலும் கலம், நகையும் கலம். கெண்டி, பொடிச் சிமிழ், தண்ணீர்ச் சாடி எல்லாமே தேநீர்க் கலங்கள்தான். அந்தத் தொகுதிக்கு வைக்கவேண்டிய பெயரை ஒரு உறுப்பினருக்கு வைத்தால் நாளைக்குத் தொகுதிக்கு என்ன பெயர் வைப்பது? 'வட்டில்' அழகான பழைய சொல். ஆனால் நெல்லை, குமரிப் பக்கம் வட்டில் என்றால் சோற்றுத் தட்டு. கொங்குப் பக்கம் 'வட்டல்' என்பார்கள், அதுவும் தட்டுதான். 'கும்பா' என்று எழுதலாமா என்று நானே கொஞ்ச காலம் யோசித்தேன். அகன்ற வாய், இரண்டு கையால் தூக்குவது, கூழும் பழையதும் புழங்குவது என்று எல்லாமே நெருங்கி வருகிறது. ஆனால் அதைச் சொன்னதும் வெண்கலம் மின்னுகிறது, அளவும் பெரிது. சில மாவட்டங்களுக்கு அப்பால் சொல்லே தெரியாது. கிண்ணத்துக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. வெள்ளிக் கிண்ணமும் உண்டு, மண் கிண்ணமும் உண்டு; சந்தனக் கிண்ணம் என்று மங்கல காரியத்திலும் இருக்கிறது. சென்னையிலும் மட்டக்களப்பிலும் ஒரே பொருளில் புரியும்.

எனவே: சவன் என்றால் தேநீர்க் கிண்ணம். யுனோமி என்றால் தேநீர்க் குவளை. காது உள்ள ஐரோப்பியக் கோப்பை கோப்பையாகவே இருக்கட்டும்.

ஒரு சொல்லில் தவறினால் பக்கத்துச் சொல்லிலும் தவறுகிறார்கள் என்பதுதான் என் ஆற்றாமை. விருந்தினருக்கு முறைப்படி தேநீர் கடைந்து கொடுக்கும் ஜப்பானிய மரபுக்கு அந்தக் கட்டுரையிலேயே 'தேநீர் விழா' என்றும் இருந்தது. விழா என்றால் கூட்டம், மேளம், பந்தல். தரையில் நான்கரைப் பாய் விரிக்கும் அளவுள்ள அறையில் நாலைந்து பேர் பேச்சைக் குறைத்து உட்கார்ந்திருப்பதற்கு அந்தப் பெயரா? தேநீர் ஆசான் சென் நோ ரிக்யூ (1522–1591) அமைத்ததாகச் சொல்லப்படும் தைஅன் அறை வெறும் இரண்டு பாய் அளவு. 'தேநீர் உபசாரம்' என்றால் விருந்தினரைப் பேணுவதும் வரும், தெய்வத்துக்குச் செய்யும் உபசாரமும் நினைவுக்கு வரும். இரண்டுமே அங்கே உண்டு. ராக்குவைப் 'பீங்கான்' என்று எழுதியிருந்ததும் அதே அவசரம்தான். ராக்கு குறைந்த சூட்டில் சுட்ட மென்மையான மண்கலம். சக்கரத்தில் ஏற்றாமல் கையாலேயே எழுப்புவது. அதைப் பீங்கான் என்பது செங்கல்லைப் பளிங்கு என்பது போல.

பௌத்த வழிபாட்டுப் பொருள்களுக்கு வந்தால் சொல் தேடவேண்டிய அவசியமே பாதி இல்லை, நம்மிடமே இருக்கிறது. துறவியரின் உணவுக் கலத்தை ஜப்பானியத்தில் 'ஹாச்சி' என்பார்கள். இது சமஸ்கிருதப் 'பாத்ர'த்தைச் சீனர் தம் எழுத்தில் ஒலிபெயர்த்து, அதைச் சுருக்கி, அந்த வழியாக ஜப்பானுக்குப் போன சொல். நம் 'பாத்திரம்' அதே வேரிலிருந்து நேரே வந்தது. மணிமேகலைக்கு அமுதசுரபி கிடைக்கும் பகுதியின் பெயரே 'பாத்திரம் பெற்ற காதை'. பௌத்தக் காப்பியம் ஒன்று இந்தப் பொருளுக்கு இந்தப் பெயரைத் தமிழில் எழுதிவைத்திருக்கும்போது, அதே கட்டுரையில் துறவியின் ஹாச்சியைப் 'பிச்சைக் கோப்பை' என்று படித்தபோது எனக்கு உண்மையாகவே வலித்தது. அங்கே பாத்திரம் என்று எழுதுங்கள். கிண்ணம்கூட வேண்டாம்.

தெம்மொக்கு தேநீர்க் கிண்ணத்துக்கும் வழிபாட்டுக் கலத்துக்கும் நடுவில் நிற்கிறது. சீனத்தின் தியன்மு மலை மடங்களில் படித்த ஜப்பானியத் துறவிகள் கொண்டுவந்த கிண்ணம். பெயரும் அந்த மலையின் பெயர்தான். அடி மிகச் சிறியது, தனியாக நிற்கத் தடுமாறும், அதனால் ஒரு தாங்கியின் மேல் வைத்துப் புத்தருக்குத் தேநீர் படைப்பார்கள். கியோத்தோவின் கென்னின்-ஜியில் ஏப்ரல் 20 அன்று நடக்கும் உபசாரத்தில், பொடி போட்ட தெம்மொக்கை விருந்தினர் தாங்கியோடு ஏந்திக்கொள்ள, துறவி அவர் எதிரில் வந்து வெந்நீர் விட்டு அங்கேயே கடைந்து கொடுக்கிறார். படையலுக்குப் போனாலும் அது கிண்ணம்தான். 'தெம்மொக்குக் கிண்ணம்', 'கிண்ணத் தாங்கி' என்று எழுதினால் போதும்.

அந்தப் படக்குறிப்பை நான் எழுதியிருந்தால் இப்படி எழுதியிருப்பேன்: "கறுப்பு ராக்குத் தேநீர்க் கிண்ணம். கனன்றுகொண்டிருக்கும்போதே சூளையிலிருந்து வெளியே இழுத்த குறட்டின் தடம் பக்கவாட்டில் தெரிகிறது."