நூடிபிராங்க்: தமிழில் வெறுஞ்செவுளி

கடலடிப் படங்கள் பார்ப்பவர்கள் இந்தப் பெயரைக் கேட்டிருப்பார்கள். நூடிபிராங்க். இதைப் பலரும் தமிழில் ‘கடல் அட்டை’ என்று எழுதிவிடுகிறார்கள், அதுதான் சிக்கல். கடல் அட்டை என்பது வேறு உயிர், நட்சத்திர மீனுக்கும் கடல் முள்ளெலிக்கும் உறவான முட்தோலி. நூடிபிராங்கோ நத்தை, சிப்பி, கணவாய் எல்லாம் சேர்ந்த மெல்லுடலிக் கூட்டத்தைச் சேர்ந்தது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் படிக்கிறவர் எதை நினைப்பார்?

சரி, சொல்லுக்கு வருவோம். இலத்தீனில் ‘நூடுஸ்’ என்றால் மறைப்பில்லாத, கிரேக்கத்தில் ‘பிராங்கியா’ என்றால் செவுள். 1817இல் பிரெஞ்சு விலங்கியலாளர் கூவியே இந்த இரண்டும் சேர்ந்த பெயரை இந்த உயிரினக் கூட்டத்துக்கு வைத்தார். நூடிபிராங்கின் முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்குக் குட்டி ஓடு இருக்கும், வளரும்போது அதை உதறிவிடும். ஆனாலும் பெயர் ஓட்டைப் பற்றிப் பேசவில்லை, செவுளைப் பற்றித்தான் பேசுகிறது. அதனால் ‘ஓடில்லா நத்தை’ என்ற பெயரும் எனக்குப் போதவில்லை, ஓடில்லாதவை வேறு பலவும் உண்டே. கடல் முயலை எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கும் வெளியே தெரிகிற ஓடு கிடையாது, ஆனால் செவுள் மடிப்புக்குள் மறைந்திருக்கும்.

என் தேர்வு ‘வெறுஞ்செவுளி’. வெறுங்கால் என்கிறோம் இல்லையா, கால் இருக்கிறது, மேலே எதுவும் போடவில்லை, அதே பொருள்தான் இங்கேயும். ‘நிர்வாணச் செவுள்’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்திருப்பதையும் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம்.

பெயர் எவ்வளவு பொருந்துகிறது என்று பார்க்க ஸ்பானிஷ் டான்சரைப் பாருங்கள். செங்கடல் தொடங்கி இந்திய, பசிபிக் பெருங்கடல்களின் வெப்பமான பவளப்பாறைகளில் வாழ்வது, 40 செ.மீ. வரைகூட வளரும், வெறுஞ்செவுளிகளில் மிகப் பெரியவற்றுள் ஒன்று. அறிவியல் பெயர் ஹெக்ஸாபிராங்கஸ் சாங்குவினியஸ்: ஆறு செவுள், குருதி நிறம். தமிழில் ‘குருதிநிற அறுசெவுளி’ என்றால் அப்படியே வந்துவிடுகிறது. வண்டை அறுகால் என்று சொன்ன மொழிக்கு இது ஒன்றும் புதிதில்லை.

முதுகின் பின்பக்கம், ஆசனவாயைச் சுற்றி, கிளை கிளையாகப் பிரிந்த இறகுக்கொத்துகள் நிற்கும், அவைதான் செவுள்கள், பெரும்பாலும் ஆறு. இதன் உறவினங்கள் பலவற்றில் செவுள்கள் எல்லாம் ஒரே குழியிலிருந்து கிளம்பும், ஆபத்து வந்தால் மொத்தமாக உள்ளே போய்விடும். அறுசெவுளிக்கு ஒவ்வொரு செவுளும் தனித்தனியாக உடம்பில் முளைத்திருக்கும், அப்படி ஒளித்துக்கொள்ளப் பொதுக்குழி இல்லை. வெறுஞ்செவுள் என்ற சொல்லுக்கு இதைவிட நேரான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

தலைப்பக்கம் இரண்டு கொம்புகள், பெயர் ரைனோபோர். காண்டாமிருகத்தின் பெயரில் வரும் அதே ‘ரைனோ’தான், மூக்கு என்று பொருள். நீரில் கரைந்து வரும் வாசனையை இவற்றால்தான் பிடிக்கிறது, ஆகவே ‘நுகர்கொம்பு’. கண்கள் மிகச் சிறியவை, வெளிச்சம் இருட்டு தெரிந்தால் பெரிது. இரை கடற்பஞ்சு, அதைச் சுரண்டி எடுக்க வாய்க்குள் வரிசை வரிசையாகப் பற்கள் கொண்ட ராடுலா இருக்கிறது, ‘அரநாக்கு’ என்று சொல்லலாம்.

அப்புறம் அந்த நடனம். ஊரும்போது மேலுறையின் ஓரத்தைச் சுருட்டியே வைத்திருக்கும். யாராவது தொந்தரவு செய்தால் சுருள் விரியும், சிவப்பும் வெள்ளையும் பளிச்சென்று தெரியும், உடம்பை மேலும் கீழும் வளைத்து, ஓரம் அலையலையாகப் புரள நீந்திப் போகும். பாவாடை சுழல ஆடும் ஸ்பெயின் நாட்டு நடனப் பெண்ணின் நினைவில் வந்த பெயர் அது. அந்தப் பெயரைத் தமிழாக்க நான் முயலவில்லை. நீந்துவது எப்போதோ ஒருமுறை, செவுள்கள் எந்நேரமும் வெளியேதான் இருக்கின்றன.