சபர் போகும் முன் 275 ரூபாய் காப்பீடு: வீட்டிலிருப்பவர்களும் தெரிந்துகொள்ள வேண்டியவை

தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, பெரியபட்டினம் என்று நம் கடற்கரை ஊர்களில் ஒருவர் சபர், அதாவது வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பினால், அவருக்கு முன்னால் வீட்டு நகை அடகுக்குக் கிளம்பிவிடும். போதாததற்கு வட்டிக்குப் பணம். முதல் வருடச் சம்பளம் பெரும்பாலும் அந்தக் கடனுக்கே சரியாகப் போகும். அதற்குள் அவருக்கு ஒரு விபத்து நடந்துவிட்டால் குடும்பத்துக்குக் கடன் மட்டும்தான் மிஞ்சும். இதற்காகவே மத்திய அரசின் பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடு இருக்கிறது. 2003இல் வந்த இந்தத் திட்டம் 2017 ஆகஸ்டில் மாற்றி அமைக்கப்பட்டது.

பிரீமியம் இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375 ரூபாய். விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக ஊனமுற்றாலோ 10 லட்சம் ரூபாய் கிடைக்கும். அங்கே ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் 1 லட்சம் வரை, வேலை தொடர்பான வழக்குச் செலவுக்கு 45,000 வரை உண்டு. முதலாளி மாறினாலும் பாலிசி செல்லும். ஆனால் மாரடைப்பு போன்ற இயற்கை மரணத்துக்கு அந்த 10 லட்சம் வராது. அப்படிப்பட்ட நேரத்தில் உடலை ஊருக்கு அனுப்ப வழியில்லை என்றால், தூதரகத்தில் உள்ள இந்திய சமூக நல நிதியிலிருந்து உதவி கேட்கலாம்.

யாருக்கு இது கட்டாயம்? பத்தாவது தேறாதவர்கள் பலரின் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். (குடியேற்ற அனுமதிச் சோதனை தேவை) என்று இருக்கும். அந்த பாஸ்போர்ட்டோடு சவூதி, குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன், அமீரகம், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி குடியேற்ற அனுமதி வேண்டும். நம் பக்கத்துக்காரர்களுக்கு அந்த அனுமதி தரும் அலுவலகம் சென்னையில் இருக்கிறது. விண்ணப்பம் மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில். பாலிசி எடுத்தால்தான் அனுமதி கிடைக்கும்.

சிக்கல் எங்கே என்றால், "விசிட் விசாவில் போங்க, அங்க போய் மாத்திக்கலாம்" என்று ஏஜெண்ட் சொல்லும் இடத்தில்தான். விசிட் விசாவில் போகிறவருக்குக் குடியேற்ற அனுமதியும் கிடையாது, அதோடு வரும் பாலிசியும் கிடையாது. சம்பளம் தராவிட்டால் காட்டுவதற்கு ஓர் அக்ரிமெண்ட்கூட இருக்காது. இந்தப் பேச்சு வந்தாலே நகையை எடுக்காதீர்கள். பதிவு பெற்ற ஏஜெண்டா என்று இ-மைக்ரேட்டிலேயே பார்த்துவிடலாம். அவர் வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். ரசீது கொடுக்க வேண்டும். லட்சக்கணக்கில் கேட்பது விதிக்குப் புறம்பானது.

மீன்பிடி வேலைக்கு ஈரான் போகிறவர்கள் கவனிக்க வேண்டும்: அந்த 18 நாடுகளில் ஈரான் இல்லை. அதனால் இந்த அனுமதிச் சோதனையும் இல்லை, கட்டாயக் காப்பீடும் இல்லை. 2020இல் அங்கே சிக்கிய தமிழக மீனவர்களைக் கடற்படைக் கப்பல் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்து சேர்த்ததை நாம் மறக்கவில்லை. இவர்களும் பத்தாவது தேறியவர்களும் தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நல வாரியத்திலாவது பதிந்துகொள்வது நல்லது.

அப்புறம், பாலிசி எடுத்தும் பயனில்லாமல் போவது வீட்டில் யாருக்கும் அது தெரியாததால்தான். பாலிசி, பாஸ்போர்ட், விசா, அக்ரிமெண்ட் எல்லாவற்றின் நகலும் மனைவியிடமோ அம்மாவிடமோ இருக்கட்டும். போனில் படமாக மட்டும் வைத்தால் போன் போனால் அதுவும் போய்விடும். நாமினி பெயரைப் பாருங்கள். கல்யாணத்துக்கு முன் எடுத்த பாலிசி என்றால் இன்னும் கவனமாகப் பாருங்கள். இரண்டு மூன்று வருடத்தில் பாலிசி முடிந்துவிடும், ஆள் அங்கேயே இருப்பார். ஊருக்கு வராமலே ஆன்லைனில் புதுப்பிக்கலாம். முடியும் தேதியை வீட்டுக் காலண்டரில் குறித்து வைத்து, அந்த மாதம் போன் பேசும்போது கேளுங்கள்.

விபத்து நடந்துவிட்டால் முதலில் அங்குள்ள இந்தியத் தூதரகத்தின் சான்று வாங்க வேண்டும். அந்தச் சான்றைக் காப்பீட்டு நிறுவனம் ஏற்க வேண்டும் என்பது திட்டத்திலேயே இருக்கிறது.