லோன்-அவுட்: கடனா, இரவலா?

பழைய ஹாலிவுட் நாயகர்களைப் பற்றித் தமிழில் எழுதும்போது இடறும் சொல் ‘லோன்-அவுட்’: ஒரு ஸ்டுடியோ தன் ஒப்பந்த நடிகரை இன்னொரு ஸ்டுடியோவின் படத்துக்கு விடுவது. ‘கிளார்க் கேபிள் கொலம்பியா ஸ்டுடியோவுக்குக் கடன் கொடுக்கப்பட்டார்’ என்று எழுதினால், யாரோ வட்டிக்கு விட்டதுபோல் இருக்கிறது.

1930களில் முன்னணி நடிகர் என்பவர் ஒரு ஸ்டுடியோவின் வாரச் சம்பளக்காரர். ஒப்பந்தம் 7 ஆண்டு. இடையில் அதை நீட்டிப்பதா நிறுத்துவதா என்று முடிவெடுக்கும் உரிமை ஸ்டுடியோவுக்கு மட்டுமே. கையில் படம் இல்லாத நடிகரை வேறு ஸ்டுடியோவுக்கு விட்டு, சம்பளத்தைவிடக் கூடுதலாக வாங்கிக்கொள்வார்கள். நடிகருக்குப் பழைய சம்பளம்தான். கேபிளுக்கு அவருடைய ஸ்டுடியோவான எம்.ஜி.எம். கொடுத்தது வாரம் 2,000 டாலர். கொலம்பியாவிடம் வாங்கியது 2,500. அப்படிப் போய் நடித்த ‘இட் ஹேப்பண்ட் ஒன் நைட்’ (1934) படம்தான் அவருக்கு ஆஸ்கர் வாங்கித் தந்தது. ‘கான் வித் த விண்ட்’ (1939) படத்துக்குத் தயாரிப்பாளர் செல்ஸ்னிக் அவரைக் கேட்டபோது பேரம் எங்கோ போய்விட்டது: எம்.ஜி.எம். கேபிளோடு 12.5 லட்சம் டாலர் முதலீடும் தந்து, விநியோக உரிமையையும் லாபத்தில் பாதியையும் எடுத்துக்கொண்டது.

போக மறுத்தால் சஸ்பென்ஷன். சம்பளம் நிற்கும், அந்த நாட்கள் ஒப்பந்தத்தின் வாலில் ஒட்டிக்கொள்ளும். நடிகை ஒலிவியா டி ஹாவிலண்ட் தன் ஸ்டுடியோவான வார்னர் பிரதர்ஸ் மீது தொடுத்த வழக்கில்தான், 7 ஆண்டு என்றால் காலண்டர்படி 7 ஆண்டு என்று 1944 டிசம்பரில் கலிஃபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது.

இனி சொல்லுக்கு வருவோம். ‘லோன்’ பழைய நார்ஸ் மொழியின் ‘லான்’ என்பதிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. பணத்துக்கும் பொருளுக்கும் அங்கே ஒரே சொல். தமிழில் அப்படியில்லை. கடனில் வாங்கிய நோட்டையே திருப்ப வேண்டாம், அதே மதிப்பு போதும். உழக்கு அரிசி வாங்கி உழக்கு அரிசி திருப்பினால் குறியெதிர்ப்பை. 221ஆம் குறளில் இருக்கிறது. கல்யாணத்துக்கு வாங்கிய அட்டிகை அதே அட்டிகையாகத் திரும்ப வேண்டும் என்றால், அது இரவல். ‘இர’ என்ற வேரில் பிறந்த சொல். கேட்டு வாங்குவது என்று பொருள். கேபிள் கேபிளாகவே திரும்பியாக வேண்டும். ஆகவே அவர் இரவல் நடிகர்.

இரவலுக்கு வாடகை உண்டா என்று கேட்கலாம். இல்லைதான். ஆனால் ‘வாடகை நடிகர்’ என்றால் அவருக்கு ஒரு சொந்த ஸ்டுடியோ இருப்பது மறைந்துவிடும். ‘அயற்பணி’யில் அரசு அலுவலக வாடை. ‘இரவல் குரல்’ நம் சினிமாவில் ஏற்கெனவே புழங்குவதால் ‘இரவல் நடிகர்’ காதுக்கு உறுத்தாது. எழுதும்போது ஸ்டுடியோவை எழுவாயாக வையுங்கள்: ‘எம்.ஜி.எம். கேபிளைக் கொலம்பியாவுக்கு இரவல் விட்டது.’ யார் கையில் பிடி இருந்தது என்பது அப்போதுதான் தெரியும்.

இன்றைய ஹாலிவுட் செய்திகளில் வரும் ‘லோன்-அவுட் கம்பெனி’ வேறு. நடிகர் தானே நிறுவனம் தொடங்கி, அதன் வழியாகத் தன் நடிப்பைத் தயாரிப்பாளருக்கு ஒப்பந்தம் செய்வது அது. அங்கே ‘இரவல்’ போடாதீர்கள்; ‘நடிகரின் சொந்த நிறுவனம்’ என்றாலே விளங்கும்.