சம்பளச் சீட்டு இல்லாமல் விமானம் ஏறுகிறவர்கள்

டிசம்பர் கடைசி வாரம் கோர்ட் கிடையாது. அலமாரியைத் துடைத்து, முடிந்த கேஸ் கட்டுகளை மேல் தட்டுக்கும் முடியாதவற்றைக் கீழ்த் தட்டுக்கும் மாற்றி வைப்பது என் வழக்கம். காரைக்குடியில் இருபது வருடமாக வக்கீல் தொழில். பாகப்பிரிவினை, ஜீவனாம்சம், செக் கேஸ் என்று எல்லாம் வரும். ஆனால் சில வருடங்களாகக் கீழ்த் தட்டில் ஒரு மூலையை நிரந்தரமாகப் பிடித்துக்கொண்டிருப்பது வெளிநாட்டுக் கட்டுகள்தான். சம்பளம் வராதது, பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொண்டது, ஏஜென்ட் போனை அணைத்துவிட்டது, உடல் வந்துசேராதது. என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். போனவர் அங்கே இருக்கிறார். போலீஸ் ஸ்டேஷனுக்கும் தாலுகா ஆபீசுக்கும் அலைய வேண்டியவர் இங்கே இருக்கிறவர்தானே.

டிசம்பரில் இந்தக் கட்டுகளுக்கு உரிய இரண்டு தேதிகள் வருகின்றன. 10-ஆம் தேதி மனித உரிமை நாள்; 1948-ல் ஐ.நா. மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்ற நாள். 18-ஆம் தேதி உலகப் புலம்பெயர்ந்தோர் நாள்; புலம்பெயர்ந்த தொழிலாளர்களையும் அவர்கள் குடும்பத்தாரையும் காக்கும் உடன்படிக்கையை 1990-ல் அதே ஐ.நா. ஏற்ற நாள். அந்த உடன்படிக்கையில் இலங்கை சேர்ந்திருக்கிறது, இந்தியா இதுவரை சேரவில்லை. பிரகடனத்தின் 13-ஆவது பிரிவு, எந்த நாட்டையும் விட்டு வெளியேறவும் சொந்த நாட்டுக்குத் திரும்பவும் எல்லோருக்கும் உரிமை உண்டு என்கிறது. இன்னொரு நாட்டுக்குள் நுழைய உரிமை உண்டு என்று அது சொல்லவில்லை. அந்த இடைவெளியில்தான் ஏஜென்ட் கடை போட்டிருக்கிறார்.

இந்த ஆண்டு ஆனி மாதத்தில் ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்தார். "அவுக போயி ஏழு மாசம் ஆச்சு வக்கீலம்மா. மூணு மாசம் பணம் அனுப்புனாக. அப்புறம் போனையும் எடுக்க மாட்டேங்கிறாக."

"ஒப்பந்தம் ஏதும் இருக்காம்மா?" என்று கேட்டேன். போனைத் தடவி எடுத்துக் காட்டினார். விமான டிக்கெட் இருந்தது, மூன்று நாளுக்கு ஓட்டல் பதிவு இருந்தது. வேறு ஒன்றுமே இல்லை. கணவர் மலேசியாவுக்குச் சுற்றுலாப் பயணியாகப் போயிருக்கிறார். 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமலே அங்கே போய் வரலாம். சுற்றுலா போகிறவருக்கு அது நல்ல விஷயம். ஏஜென்டுக்கோ அதைவிட நல்ல விஷயம். விசா எடுக்கும் வேலையும் மிச்சம். "அங்க போயி பெர்மிட் அடிச்சுக்கலாம்" என்றாராம். முப்பத்தோராவது நாள் அந்த மனிதர் சட்டத்தின் கண்ணில் குற்றவாளி ஆகிவிட்டார். அப்புறம் சம்பளம் கேட்டால், "இமிக்ரேஷனுக்குச் சொல்லட்டுமா?" என்ற ஒரே கேள்வி போதும், வாய் மூடிக்கொள்ளும்.

எவ்வளவு கொடுத்தீர்கள் என்றேன். ஒன்றரை லட்சம். தோடும் சங்கிலியும் அடகில். ரசீது? "பக்கத்தூருக்காரகதான். அவுக வீட்டு விசேஷத்துக்கு நாங்க மொய் எழுதியிருக்கோம். அவுகட்ட போயி எப்புடி ரசீது கேக்குறது?"

இதை நான் எத்தனை முறை கேட்டிருக்கிறேன் என்று கணக்கில்லை. ஒன்றிய அரசிடம் பதிவு பெற்ற ஏஜென்ட் ஒரு தொழிலாளியிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதற்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. ஆக 35,400. அதற்கும் ரசீது தர வேண்டும். பதிவு உள்ளவர் யார், அது காலாவதி ஆகிவிட்டதா என்பதை இமைக்ரேட் என்ற அரசுத் தளத்தில் யாரும் பார்க்கலாம். ஊருக்குள் ஆள் பிடிக்கிறவர் பெரும்பாலும் அந்தப் பட்டியலில் இருப்பதில்லை. அவர் மாமனாகவோ, பங்காளியாகவோ, கூடப் படித்தவராகவோ இருப்பார். அந்தப் பெண்ணின் கணவர் கடைசியில் மலேசிய அரசின் தாயகம் திரும்பும் திட்டத்தில் அபராதம் கட்டி வந்து சேர்ந்தார். சம்பள பாக்கி போனது போனதுதான்.

அதே ஆனி மாதம் பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு பாகப்பிரிவினை வழக்குக்காகப் பழைய வீடு ஒன்றுக்குப் போயிருந்தேன். பர்மாத் தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல், ஆள் நடமாட்டமில்லாத இரண்டாங்கட்டு. ஆச்சி ஒரு டிரங்குப் பெட்டியைத் திறந்து, "பத்திரம் இதுலதான் எங்கயோ கெடக்கும், தேடிப் பாருங்க" என்றார். பத்திரத்தைத் தேடும்போது கையில் அகப்பட்டது ஒரு சம்பளச் சீட்டு. கேள்விப்பட்டிருக்கிறேன், பார்த்தது அன்றைக்குத்தான்.

நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், கடல் கடந்து கொண்டுவிக்கப் போன காலத்தில் ரங்கூனிலும் பினாங்கிலும் வட்டிக் கடை நடத்த ஏஜென்ட்களை அனுப்புவார்கள். பெரும்பாலும் மூன்று வருடக் கணக்கு. போகுமுன் எழுதிக்கொள்வதுதான் இந்தச் சீட்டு. இன்ன விலாசத்துக் கடைக்கு இன்னார் போகிறார், மூன்று வருடத்துக்கு இவ்வளவு சம்பளம், அதில் முன்பணம் இவ்வளவு, சாப்பாடும் போக்குவரத்தும் கடைக் கணக்கில். எல்லாம் தமிழில். போகிறவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த மொழியில். படித்து முடித்ததும், கைக்குழந்தையோடு வந்த அந்தப் பெண் காட்டிய ஓட்டல் பதிவுதான் எனக்கு ஞாபகம் வந்தது. தொண்ணூறு வருடத்தில் நாம் முன்னேறியிருக்கிறோமா என்று ஆச்சியிடமே கேட்டேன். அவருக்குக் கேள்வி புரியவில்லை, காபி போடட்டுமா என்றார்.

அந்தக் காலத்தைத் தங்கத் தட்டில் வைக்கவும் எனக்கு மனசில்லை. சீட்டு எழுதிப் போனவர் கணக்குப் படித்தவர். இதே கரிசல், செம்மண் ஊர்களிலிருந்து ரப்பர்த் தோட்டத்துக்குப் போன கூலிக்குக் கங்காணியின் கடன் கணக்கைத் தவிர வேறு எழுத்து கிடையாது. பர்மாவில் இன்னொரு கதை. நெல் விலை சரிந்த பிறகு கடன் கட்ட முடியாத விவசாயிகளின் நிலம் கைமாறி, 1930-களின் முடிவில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் விளைநிலத்தில் நான்கில் ஒரு பங்கு செட்டியார் கடைகளிடம் இருந்தது. அந்த விவசாயியும் எழுத்தில் கைநாட்டு வைத்தவர்தான். ஆகவே எழுத்து இருந்தால் போதும் என்று நான் சொல்ல வரவில்லை. வைக்கிறவருக்கு அது படிக்கத் தெரிய வேண்டும்.

சரி, இன்றைய சட்டத்துக்கு வருவோம். இதில் எனக்கு நீண்ட நாளாக ஒரு மனத்தாங்கல் உண்டு. பத்தாம் வகுப்பு தேறாதவருடைய பாஸ்போர்ட்டில் 'குடியேற்ற அனுமதி தேவை' என்று குறிப்பு இருக்கும். வளைகுடா நாடுகள், மலேசியா, தாய்லாந்து உட்பட 18 நாடுகளுக்கு அவர் வேலைக்குப் போவதென்றால் குடியேற்றப் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். அதற்கு ஒப்பந்தம் காட்ட வேண்டும், பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடு எடுக்க வேண்டும். இரண்டு வருடத்துக்குப் பிரீமியம் 275 ரூபாய். விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக முடங்கிப்போனாலோ 10 லட்சம். பத்தாவது பாஸ் பண்ணியவருக்கு இதில் எதுவும் கட்டாயமில்லை. படித்தவர் தன்னைத்தானே பார்த்துக்கொள்வார் என்பது சட்டத்தின் கணக்கு. எங்கள் ஊரில் ஐ.டி.ஐ. முடித்த வெல்டரும், டிப்ளமோ முடித்த ஏ.சி. மெக்கானிக்கும்தான் இன்று அதிகம் போகிறார்கள். என் கீழ்த் தட்டில் இருக்கும் கட்டுகளில் பாதிக்கு மேல் அவர்களுடையவை. பாஸானதால் பாதுகாப்பு போனது என்று ஒரு தகப்பனாரிடம் விளக்கிச் சொல்ல நான் பட்டபாடு எனக்குத்தான் தெரியும்.

ஏமாந்தவர்கள் பலருக்கும் தெரியாத இன்னொன்று. 1983-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டத்தில் பதிவில்லாமல் ஆள் அனுப்புவது குற்றம். இரண்டு வருடம் வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம். அபராதத் தொகையைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், 1983-ல் போட்ட கணக்கு. இந்தச் சட்டத்தில் வழக்கு நடத்த ஒன்றிய அரசின் முன் அனுமதி வேண்டும் என்று 27-ஆவது பிரிவு சொல்கிறது. அதைச் சொல்லியே மனுவைத் திருப்பிவிடுகிறவர்கள் உண்டு. அதே பிரிவின் கடைசி வரிகள் வேறு: பாதிக்கப்பட்டவரோ, அவருக்காக அப்பா, அம்மா, கணவன், மனைவி, மகன், மகள், உடன்பிறந்தவரோ புகார் கொடுத்தால் அந்த அனுமதி தேவையில்லை. மனைவி கொடுக்கலாம். நான் இதை ஒரு தாளில் தமிழில் அச்சடித்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். அங்கே சிக்கிக்கொண்டவருக்காக வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' (MADAD, இந்தியில் உதவி) என்ற இணையத்தளத்திலும் வீட்டிலிருந்தே முறையிடலாம். பாஸ்போர்ட் எண் கையில் இருந்தால் வேலை சுலபம். பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம், காப்பீட்டுத் தாள் எல்லாவற்றுக்கும் ஒரு நகல் வீட்டில் இருக்கட்டும் என்று நான் கரடியாகக் கத்துவது இதற்காகத்தான். ஒரு குடும்பத்தில் உடலைத் திருச்சி விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில் வாங்கி வந்து, பதினாறாம் நாள் காரியமும் முடிந்த பிறகு, பழைய பையைக் குடைந்தபோதுதான் அந்த 10 லட்சம் காப்பீட்டுத் தாள் கிடைத்தது.

இந்த வருடத்துக் கட்டுகளில் என்னை உலுக்கியது பர்மாதான். ஆமாம், மறுபடியும் பர்மா. தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை என்று நம்பிப் போன பொறியியல் பட்டதாரிகளை மோய் ஆற்றைக் கடத்தி மியான்மரின் மியாவாடிப் பக்கம் அடைத்துவைத்து, இணைய மோசடி செய்ய வைக்கிறார்கள். 2025 மார்ச்சில், அங்கிருந்து மீட்கப்பட்ட 549 இந்தியர்களை விமானப்படை விமானங்கள் இரண்டு நாளில் கூட்டி வந்தன. அப்படித் திரும்பிய ஒரு பையனின் பாட்டி, அவன் எங்கே இருந்தான் என்று தெரிந்ததும் என் ஆபீசிலேயே வாயில் கை வைத்துவிட்டார். "பர்மாவுலயா இருந்தான்? எங்கய்யா அங்கேருந்து நடந்துல்ல வந்தாக." 1942-ல் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது லட்சக்கணக்கான இந்தியர்கள் காடும் மலையும் கடந்து நடந்தார்கள், வழியிலேயே ஆயிரக்கணக்கில் செத்தார்கள். தப்பி வந்தவர்களில் ஒருவர் அந்தப் பாட்டியின் அப்பா. பேரன் விமானத்தில் வந்துவிட்டான். ஆனால் ராத்திரி லைட்டை அணைத்தால் தூங்கமாட்டேன் என்கிறான்.

அவனை விசாரித்தவர்கள் கேட்ட முதல் கேள்வி, "இஷ்டப்பட்டுத்தானே போனே?" கேட்க நியாயமான கேள்வி போலத்தான் தெரியும். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-ஆவது பிரிவு, ஆள் கடத்தல் நடந்ததா என்று தீர்மானிக்கும்போது பாதிக்கப்பட்டவருடைய சம்மதம் பொருட்டில்லை என்கிறது. ஆசை காட்டிக் கூட்டிப்போவதும் கடத்தல்தான். இதை அவன் அப்பாவுக்கு மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. மகன் மேல் அவருக்கு இருந்த கோபம் அப்படி.

நம் பக்கத்துக் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடு ஒன்றைப் புதுப்பிக்கும் வேலையில் இருந்த ஒடிசாப் பையன்கள் நான்கு பேர் ஐப்பசி மழையில் நனைந்தபடி வந்தார்கள். நாற்பத்தோரு நாள் கூலி வரவில்லை. எனக்கு இந்தி அரைகுறை, அவர்களுக்குத் தமிழ் அதைவிட அரைகுறை. போனில் மொழிபெயர்த்துப் பேசினோம். மேஸ்திரியை வரச் சொன்னேன். தெரிந்த முகம். எட்டு வருடம் முன்னால் சவூதியில் பதினோரு மாதச் சம்பளம் வராமல் திரும்பி, இதே நாற்காலியில் உட்கார்ந்து அழுதவர். வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு 1979-லேயே தனிச் சட்டம் வந்தது, இப்போது அது புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. எந்தச் சட்டமானாலும் தொழிலாளர் அலுவலகத்தில் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: எழுத்து ஏதும் உண்டா? இல்லை. "நான் அங்க படாததையா இவனுக இங்க படுறானுக?" என்றார் மேஸ்திரி. நான் பதில் சொல்லவில்லை. அவருடைய பழைய கட்டை அலமாரியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தேன். ஒரு வாரத்தில் முக்கால்வாசிப் பணம் கொடுத்தார். மிச்சத்தை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மார்கழிப் பிள்ளையார் நோன்புக்கு இரண்டு நாள் முன்னால், அலமாரியைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது, ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர் மகனோடு வந்தார். நூறு நாள் வேலைக்குப் போகிறவர். மகன் எலக்ட்ரீசியன், கத்தாருக்குப் போக ஆர்டர் வந்திருக்கிறதாம். பணம் இன்னும் கட்டவில்லை. "இதப் படிச்சு தமிழ்ல சொல்லுங்க வக்கீலம்மா. அவன் படிச்சிட்டேன்கிறான். எனக்குப் புரியணும்ல."

இருபது வருடத்தில் போவதற்கு முன்னால் என்னிடம் தாளோடு வந்த முதல் அம்மா இவர்தான். வரி வரியாகச் சொன்னேன். சம்பளம், வேலை நேரம், தங்குமிடம், வாரத்துக்கு ஒரு நாள் விடுப்பு. கத்தாரில் 2020 முதல் முதலாளியின் ஒப்புதல் இல்லாமலே வேலை மாறலாம் என்பதையும் சொன்னேன். பையன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா விரல் விட்டு எண்ணிக்கொண்டே கேட்டார். கடைசியில், "திரும்பி வர்ற டிக்கெட்டு யாரு செலவு?" என்றார்.

தாளை மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். அதில் அது இல்லை.

"அப்ப அதையும் எழுதித் தரச் சொல்லுங்க."

ஏஜென்டுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். கம்பெனியில் கேட்டுச் சொல்கிறேன், பொங்கல் கழியட்டும் என்றார். அம்மா தாளை வாங்கி நான்காக மடித்துச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டார். "கழியட்டும். அதுக்குப் பெறகு பணம் கட்டிக்கிருவோம்" என்று மகனைக் கிளப்பிக் கூட்டிப்போனார்.